மாக்னம் தோட்டாக்கள்

தோட்டா வேறு, குண்டு வேறு. செய்தித்தாள்களே இவ்விரண்டையும் கலந்து எழுதுவதால் மாணவர்கள் மயங்குவதில் வியப்பில்லை. துப்பாக்கிக் குழலினின்று பறந்து செல்வது குண்டு. அக்குண்டையும், அதைத் தள்ளும் வெடிமருந்தையும், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பையும் ஒருங்கே தாங்கிய பித்தளை உறையோடு கூடிய முழுப்பொருளே தோட்டா. யான் இங்கு விளக்கப் புகுவது அந்தப் பித்தளை உறையின் வடிவத்தையே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நம் நாட்டில் வேட்டைக் காலம் முடிந்தது. ஆயினும் வேட்டைக்கென்று அமைந்த அவ்வுறைகளில் வெப்பம், அழுத்தம், உராய்வு ஆகிய பௌதிகப் பாடங்கள் பொதிந்து கிடக்கின்றன.

மாக்னம் என்பது 'பெரியது' என்று பொருள்படும் இலத்தீன் சொல். குழலின் விட்டம் மாறாதிருக்க, மருந்து கொள்ளும் இடம் மட்டும் வழக்கத்தினும் பெரிதாயின் அத்தோட்டாவை மாக்னம் என்பர். இத்தனை மருந்து இருந்தால்தான் அப்பெயர் என்று விதி எதுவும் இல்லை. அது வணிகர் சூட்டிய பெயர், அவ்வளவே.

1912ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் என்னும் நிறுவனத்தார் .375 மாக்னம் தோட்டாவை வெளியிட்டனர். அதன் குண்டின் விட்டம் 0.375 அங்குலம், ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். அது இரட்டைப் பிள்ளையாகவே பிறந்தது. ஒன்றன் அடியில் வெளியே நீண்ட விளிம்பு உண்டு. மற்றதில் அவ்விளிம்பு இல்லை, அதற்குப் பதிலாக அடியைச் சுற்றி ஒரு பட்டை உண்டு. கீல் வைத்து மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு உரியது முன்னது. அக்கீல் பேரழுத்தத்தைத் தாங்காது. ஆகவே மருந்தின் வேகத்தையும் குறைத்தே அமைத்தனர். தாழ்ப்பாள் போன்ற பூட்டுடைய, பல தோட்டாக்களை அடுக்கி வைக்கும் துப்பாக்கிக்கு உரியது பின்னது.

அந்நாளில் ஆங்கிலேயர் பயன்படுத்திய மருந்து கார்டைட். 1889இல் ஏபல், டூவர் என்னும் இரு விஞ்ஞானிகள் கண்டது அது. நைட்ரோகிளிசரின் 58 பங்கும், அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சு 37 பங்கும், வாசலைன் 5 பங்கும் சேர்த்துப் பிசைந்து, சேமியாவைப் போல இழையிழையாகப் பிழிந்தெடுப்பார்கள். பின்னர் இப்பங்குகளை மாற்றியும் செய்தனர். நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903இல் நிறுவிய ஆலைக்குக் கார்டைட் தொழிற்சாலை என்றே பெயர்.

குளிர் நாட்டில் பிறந்த இம்மருந்துக்கு நம் வெயில் ஒத்துவரவில்லை. எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஓர் இரும்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். சூடேறிய கார்டைட் விரைந்து எரியும். விரைந்து எரிந்தால் அழுத்தம் மிகும். அழுத்தத்தால் பித்தளை உறை புடைத்துக் குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காயம்பட்ட யானை எதிரே வரும்போது வெற்று உறை வெளிவராவிடில், இரண்டாவது தோட்டாவுக்கு வழியேது? இதற்காகவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்களைத் தனியே செய்து அனுப்பினர்.

உறையின் வடிவமும் இதற்கு உதவியது. மாடு கட்டும் முளையை எண்ணிப் பாருங்கள். கூம்பிய முளை சற்றே அசைந்தாலும் மண்ணை விட்டு விடுபடும். ஒரே பருமனுள்ள கோலோ முழு நீளமும் உரசிக்கொண்டே வரும். .375 உறை அடியிலிருந்து மெல்ல ஒடுங்கிச் செல்வது அம்முளையைப் போலத்தான். நீண்ட இழைகளுக்கும் அத்தகைய நெடிய உறை இசைந்தது. அதன் நீளம் 72.4 மில்லிமீட்டர்.

இனிப் பட்டைக்கு வருவோம். தோட்டா குழலுக்குள் அளவுக்கு மேல் நுழையாதபடி ஏதேனும் ஒன்று தடுத்தாக வேண்டும். விளிம்புடையதை விளிம்பே தடுக்கும். ஆனால் அடுக்கி வைத்தால் ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் மாட்டும். விளிம்பில்லாததை அதன் தோள் தடுக்கலாம். ஆனால் சரிவான தோள் உறுதியான தடையாகாது. இவ்விடரைத் தீர்க்கவே அடியில் பட்டை வைத்தனர். பட்டை உறைக்கு வலிமை தருகிறது என்று பலர் எண்ணுவது தவறு. அது நிறுத்தும் படி மட்டுமே.

1925இல் அதே உறையின் கழுத்தைச் சுருக்கி .300 மாக்னத்தைச் செய்தனர். நீளம் மாறவில்லை, தோளின் சரிவு எட்டரைப் பாகையே. 1935இல் அமெரிக்காவில் 1,000 கஜ தூரத்துக்கு நடந்த விம்பிள்டன் கோப்பைப் போட்டியில் பென் கம்ஃபர்ட் என்பவர் இத்தோட்டாவால் வென்றார். அதன் பின்னரே அந்நாட்டார் இதனைப் பெரிதும் விரும்பினர். ஆயினும் அதன் நீளத்துக்கு நீண்ட பூட்டு வேண்டியிருந்தது. அவர்கள் மருந்தோ இழையன்று, சிறு மணிகள்; நெடிய உறைக்குத் தேவையில்லை.

ஆகவே வின்செஸ்டர் நிறுவனத்தார் உறையை வெட்டலாயினர். இவ்விடத்தில் இந்தியா மறுபடியும் வருகிறது. கலகக்காரர் கையிலிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளுக்கு உதவும் என்று அஞ்சி, 1907 அளவில் ஆங்கில அரசு .450 தோட்டாக்களை இங்கே தடை செய்தது. தடையைத் தாண்டப் பிறந்தவையே .465, .470 முதலிய யானைத் தோட்டாக்கள். அவற்றின் ஆற்றலைச் சிறிய உறையில் தர எண்ணி, 1956இல் .458 மாக்னத்தை வெளியிட்டனர். உறையின் நீளம் 63.5 மில்லிமீட்டர். 32 கிராம் எடையுள்ள குண்டைத் தள்ளப் போதிய மருந்தை அதற்குள் இறுக்கி அடைக்க வேண்டியதாயிற்று. இறுகிய மருந்து சில வேளை கட்டிபட்டுச் சரிவர எரியாமல் போயிற்று. பின்னர் 1971இல் ஜாக் லாட் என்னும் வேட்டைக்காரர் உறையை மீண்டும் நீட்டித்தார். வெட்டியதில் மிகையாய் வெட்டிவிட்டனர் என்பதே என் கருத்து.

1963இல் வந்த .300 வின்செஸ்டர் மாக்னம் அக்குறையின்றி அமைந்தது. 66.5 மில்லிமீட்டர் உறை, ஒடுக்கம் குறைவு, தோளின் சரிவு 25 பாகை. அத்தகைய தோள் தானே தோட்டாவை நிறுத்தவல்லது. எனினும் பட்டையை நீக்கவில்லை. பட்டையில்லாவிடில் மாக்னம் என்று வாங்குவோர் நம்பமாட்டார்கள் அல்லவா! 2001இல் அதே நிறுவனம் வெளியிட்ட குறும் மாக்னத்தில்தான், 35 பாகைத் தோளும் 53 மில்லிமீட்டர் உறையுமாகப் பட்டையில்லாத வடிவத்தை மேற்கொண்டனர்.