நைலான் நரம்புக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்?

பல ஆண்டுகள் செவ்வியல் கிட்டார் வாசித்துவந்த நான், மேடைக்கென்று மின் இணைப்புள்ள நைலான் கிட்டார் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் பரிந்துரைத்த வால்வு ஆம்ப்ளிஃபையரும் கூடவே வீட்டுக்கு வந்தது. ராக் கலைஞர்கள் விரும்பும் ரகம். விலை கிட்டாரைவிட அதிகம். இணைத்து முதல் நரம்பை மீட்டினேன். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. ஒலியைக் கூட்டினால் அடி நரம்புகள் குமுறின. குறை கிட்டாரில்தான் என்று எண்ணி, மூன்று மாதம் நரம்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

தமிழில் நரம்பு என்றும் தந்தி என்றும் இரு சொற்கள் உண்டு. என் சிக்கலுக்கான விடை அந்த வேறுபாட்டில்தான் இருந்தது. தந்தி என்பது உலோகக் கம்பி. செவ்வியல் கிட்டாரிலோ முன்பு விலங்குக் குடலில் திரித்த நரம்புகளே இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவை கிடைப்பது அரிதாக, ஸ்பானியக் கலைஞர் ஆண்ட்ரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு நியூயார்க்கின் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் நரம்புகளை உருவாக்கினார்.

வழக்கமான மின் கிட்டாரின் பிக்அப், காந்தமும் செம்புச் சுருளும் சேர்ந்தது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நைலானைக் காந்தம் கண்டுகொள்ளாது. கீழ் மூன்று நரம்புகளில் உலோகம் சுற்றியிருந்தாலும், அது பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசிய செம்பு. அதற்கும் காந்தம் அசையாது. எனவே, நரம்புகள் அமர்ந்திருக்கும் குதிரைக்கு அடியில் பீசோ உணரியைப் பொருத்துகிறார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள் அது. இந்தப் பண்பைப் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880-இல் கண்டறிந்தார்கள்.

மின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் காந்த பிக்அப்புக்காகவே வளர்ந்தது. அதன் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். எஃகுத் தந்திக்கு அது வரம், கீச்சொலியை வடிகட்டுகிறது. ஆனால், நகம் நரம்பைத் தொடும் நொடியின் மெல்லிய ஒலியும், விரல் நகரும் உரசலும் அந்த மேல் பகுதியில்தான் பெரிதும் வாழ்கின்றன. அவை போனால் மிஞ்சுவது வெறும் சுரம். நைலானுக்கு வேண்டியது, தன் பங்குக்கு எதையும் சேர்க்காத, ட்வீட்டருடன் கூடிய முழு அலைவரிசை ஆம்ப்ளிஃபையர். கடைகளில் இதை ‘அக்கூஸ்டிக் ஆம்ப்’ என்று கேட்க வேண்டும். 6.5 அங்குல ஸ்பீக்கரும் 1 அங்குல ட்வீட்டரும் கொண்ட ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி இந்த வகை. கையில் கீபோர்டு ஆம்ப் இருந்தால் அதுவே போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 30 வாட்டை 60 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வேறுபாடு. நான் முதலில் பார்ப்பது உள்ளீட்டு மின்தடையை. பிரீஆம்ப் இல்லாத பீசோவைக் குறைந்த மின்தடையுள்ள உள்ளீட்டில் செருகினால், அடித்தொனி கரைந்து ஒலி சப்பென்றாகிவிடும். குறைந்தது 1 மெகாஓம் வேண்டும். கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் பிரீஆம்ப் இருந்தால் இந்தக் கவலை இல்லை. (கச்சேரிக்கு முன் பேட்டரியை மாற்றுங்கள், பாதியில் அது உயிரைவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.)

அடுத்தது ஊளைச் சத்தம். உள்ளீடற்ற மரக்கூடு, ஸ்பீக்கரின் ஒலிக்குத் தானும் அதிர்ந்து, அதையே திரும்ப அனுப்பும். அத்தகைய கிட்டார் வைத்திருப்பவர்கள், ஊளையிடும் சுரத்தை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் உள்ள ஆம்ப்ளிஃபையரைத் தேட வேண்டும். 1982-இல் வந்த கிப்சனின் செட் அட்கின்ஸ் மாதிரிபோலத் திண்ணிய உடல் கொண்டவற்றுக்கு இத்தொல்லை குறைவு. ஆனால், கூட்டின் காற்றோட்டம் இல்லாததால் ஒலி வறண்டிருக்கும். நல்ல எதிரொலி வசதிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

கடைக்குச் சொந்தக் கிட்டாரையே எடுத்துச்செல்லுங்கள். குமிழ்களை நடுவில் நிறுத்தி, உடன் வந்தவரை மெதுவாக வாசிக்கச் சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். முதல் நரம்பில் நகம் கேட்கிறதா, ஆறாம் நரம்பில் சுரம் தெளிவாக இருக்கிறதா? நான் இரண்டாம் முறை அப்படித்தான் வாங்கினேன், முதலில் கொடுத்ததில் பாதி விலைக்கு. அந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் இப்போது பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவரிடம் இருக்கிறது. அவருடையது எஃகுத் தந்தி. மாலையில் என் வீடுவரை கேட்கிறது, அருமையாக இருக்கிறது.