கழுத்தில் தொங்கும் கத்தி: சட்டம் எதுவரை துணைக்கு வரும்?

சட்டைக்குள் சங்கிலியில் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கத்தி அது. அலகு இரண்டு மூன்று அங்குலம், உறை கெட்டியான பிளாஸ்டிக், எடை பெரும்பாலும் நூறு கிராமுக்குள். மலையேறுகிறவர்களும் மீன்பிடிக்கிறவர்களும் கயிறு அறுக்க, டப்பா திறக்க வைத்திருந்ததை இப்போது 'தற்காப்புக்கு' என்று சொல்லி இணையத்தில் விற்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக வரும் மகளுக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். காசு கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றமல்ல. ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதன் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் இளநீர்க் கடைக்காரரெல்லாம் லைசென்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கழுத்துக் கத்தி இந்த அளவுகளுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிக்கென்று அறிவிக்கை வெளியிட்டு அங்கே கத்திகளைக் கட்டுப்படுத்த வழி வைத்திருக்கிறது. டெல்லியில் 1980-இல் அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியின் அலகு 7.62 செ.மீ., அதாவது 3 அங்குல நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே அது அந்த அறிவிக்கைக்குள் வந்துவிடும். பதற்றமான நாட்களில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவுத் தடை உத்தரவு (பழைய 144) போட்டு, ஆயுதம் எடுத்துச் செல்வதையே தடுக்கவும் முடியும். விமான நிலையச் சோதனையில் கழுத்திலிருப்பதை மறந்துவிட்டேன் என்பது எடுபடாது.

பிரிட்டனில் இருக்கும் உறவினருக்குப் பரிசாக அனுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அங்கே 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்திக்கு மட்டுமே விலக்கு. மடங்காத கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். 'தற்காப்புக்காகத்தான்' என்பதைப் பொதுவாகக் காரணமாக ஏற்கமாட்டார்கள். உச்சபட்சத் தண்டனை 4 ஆண்டு சிறை.

இனி முக்கியமான விஷயம். தற்காப்பு உரிமை கத்தியோடு சேர்ந்து வருவதில்லை, அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயப்பட நியாயம் இருந்தால், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல் என்றால், எதிராளி இறக்கும்படி ஆனாலும் 38-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். தர்சன் சிங் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைத் தாராளமாகவே விளக்கியது. ஆபத்தில் இருப்பவர் ஒவ்வோர் அடியையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றது.

37-ஆம் பிரிவு எல்லையையும் போடுகிறது. தேவைக்கு மிஞ்சிய காயம் கூடாது. போலீஸை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. கத்தி இடறிவிடும் இடம் இதுதான். தள்ளிவிட்டு ஓடினால் கேள்வி குறைவு. வயிற்றில் குத்தினால் 'அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததா?' என்பதே வழக்காகிவிடும். ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தினால் 118(1)-இன்படி 3 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் 118(2)-இன்படி குறைந்தது ஓராண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். கொலை முயற்சி என்றும் பதிவு செய்ய இடமுண்டு. தற்காப்பு என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத்தக்கதாகக் காட்டினால் போதும் என்பது ஆறுதல். ஆனால் தினமும் கத்தியோடு கிளம்பியவர் என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

அதைவிட்டாலும், கத்தி கைக்கு வருமா? 1983-இல் அமெரிக்கப் போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்குச் சொன்னார்: சுமார் 21 அடி தள்ளி நிற்பவர் ஓடிவந்து தொட ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். நம் ஊரில் சங்கிலி பறிப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறார். துப்பட்டாவையும் சட்டையையும் விலக்கி உறையிலிருந்து உருவ நேரம் ஏது? உருவினாலும் நடுங்கும், வியர்த்த கையில் சின்னப் பிடி வழுக்கும். எதிராளி பறித்துவிட்டால் ஆயுதம் அவன் கையில். இன்னொன்று, கழுத்தில் கிடக்கும் அறுபடாத கயிறு, யார் பிடித்து இழுத்தாலும் சுருக்குக் கயிறுதான்.

வேலைக்குத்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும் மணிச் சங்கிலியாக இருக்க வேண்டும். பாராசூட் கயிறு வேண்டாம். உறையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள், நழுவினால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பிடியில் மூன்று விரலாவது அடங்க வேண்டும், விரல் அலகுக்குச் சறுக்காதபடி தடுப்பு இருக்க வேண்டும். நம் வியர்வைக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் தாங்கும். இருபுறமும் கூரான அலகை எடுக்காதீர்கள். 'வேலைக்கு' என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இருசக்கர வண்டி ஓட்டும்போது நெஞ்சுக்கு நேரே எந்தக் கத்தியும் வேண்டாம்.

சோதனையில் போலீஸ் கத்தியைப் பறிமுதல் செய்தால், சாட்சிக் கையெழுத்தோடு பறிமுதல் மகஜர் எழுத வேண்டும். அதில் அலகின் நீள அகலத்தைக் குறிக்கச் சொல்லுங்கள், வழக்கே அந்த அளவில்தான் நிற்கும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

தாக்குதலுக்கு ஆளாகி நீங்கள் எதிர்த்துப் போராட நேர்ந்தால், ஓடி ஒளியாமல் முதலில் 112-ஐ அழையுங்கள். உங்கள் உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) காப்பி பதிய வையுங்கள். எதிராளி கவுண்டர் கேஸ் கொடுத்தால் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மகளுக்கு என்றால் பெப்பர் ஸ்பிரே வாங்கிக் கொடுங்கள்: இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்றே அடிக்கலாம், உயிர் போகும் காயம் அரிது. அவருடைய போனில் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை ஏற்றி, பெண்கள் உதவி எண் 181-ஐயும் சேர்த்துவையுங்கள்.