வாயாடி வீரனும் நம்ம பிளான் டிராயிங்கும்

கம்ப்யூட்டர் கேம் என்றதும் "சும்மா டப்பு டிப்புன்னு சுட்டுக்கிட்டே இருக்கிறது, படிக்கிற பையனுக்கு எதுக்கு?" என்பார்கள் பெரியவர்கள். பாதி நியாயம்தான். ஆனால் அப்படி ஒரு கேமுக்குள்ளே நம் சிவில் பிரிவின் டிராயிங் ஹால் ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அதன் பெயர் 'டியூக் நியூகெம் 3டி'. அமெரிக்காவின் 3டி ரியல்ம்ஸ் நிறுவனம் 1996-ல் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வேற்றுக்கிரக ஜந்துக்கள் இறங்கிவிட, டியூக் தனி ஆளாய் விரட்டுகிறான். கதை அவ்வளவுதான். 1993-ல் வந்த 'டூம்' விளையாட்டின் வீரன் வாய் திறந்து ஒரு வசனம் பேசமாட்டான். இவனோ சரியான வாயாடி! ஜந்துவைச் சுட்டாலும் நக்கல், கண்ணாடி முன் நின்றாலும் தற்பெருமை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஜான் செயின்ட் ஜான். இதில் பெண்களைக் காட்டிய விதத்துக்கு அப்போதே கண்டனம் எழுந்தது. எனக்கும் அது பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருவோம். இந்த கேமுக்குக் கேட்கப்பட்டது 66 மெகாஹெர்ட்ஸ் 486 பிராசஸரும் 8 எம்.பி. நினைவகமும்தான். அதில் எப்படி ஒரு நகரமே எழுந்து நின்றது? 'பில்டு' என்ற எஞ்சின்தான் காரணம். அதில் ஊரைக் கட்டுவது பிளான் போடுவது போலத்தான். மேலிருந்து பார்த்தபடி கோடு இழுத்தால் சுவர். சுவர்கள் சேர்ந்தால் அறை. ஒவ்வோர் அறைக்கும் தரைமட்டம் ஓர் எண், கூரைமட்டம் ஓர் எண். தரை எண்ணை மாற்றிக்கொண்டே போனால் லிஃப்ட்!

எங்க அப்பா கொத்தனார். அஞ்சாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மேப்பை அப்பாவிடம் காட்டினேன். "இது பிளான்தானேடா? வாசப்படி எங்க?" என்று கேட்டார். ஒரு எழுத்து இங்கிலீஷ் படிக்காமலே புரிந்துகொண்டார்!

மீதியெல்லாம் கண்கட்டு வித்தை. ஜந்துக்கள் நம் ஊர் கட்-அவுட் மாதிரி தட்டைப் படங்கள். எப்போதும் நம் பக்கமே திரும்பி நிற்கும். தண்ணீரில் குதித்தால், மேப்பில் வேறு இடத்தில் வரைந்த நீரடி அறைக்கு நம்மைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காலி இடம் விடவேண்டும். பிம்பம் அங்கேதான் வரையப்படும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அறைகள் வேண்டுமா? இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படாதபடி அமைத்தால் போதும்.

இந்த எஞ்சினைக் கென் சில்வர்மேன் 1993-ல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. நம்மைவிடச் சின்னப் பையன்!

இதே டியூக்கின் அடுத்த ஆட்டத்தையும் கேளுங்கள். 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' 1997-ல் அறிவிக்கப்பட்டது. நடுவில் எஞ்சினையே மாற்றினார்கள். இன்னும் நன்றாக, இன்னும் புதிதாக என்று வேலை இழுத்துக்கொண்டே போனது. வெளிவந்தது 2011-ல்! பதினாலு வருஷம் காத்திருந்த பலருக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

கையில் இருந்த சின்ன மெஷினுக்குள் வழி தேடியவர்கள் ஜெயித்தார்கள். வசதி கூடிய பிறகு முடிக்கமுடியாமல் தவித்தார்கள். "நம்மகிட்ட நல்ல சிஸ்டம் இல்லை, இங்கிலீஷ் வராது, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை" என்று என்னைப் போல் முதல் தலைமுறையாக வரும் ஜூனியர்கள் தயங்குவதைப் பார்க்கிறேன். தம்பி, தங்கைகளே! டியூக் நியூகெம் 3டி-யின் மூல நிரல் 2003 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. திறந்து பாருங்கள். முதலில் ஒரே ஓர் அறை வரையுங்கள். நாலு கோடு, இரண்டு மட்டம் போதும். ஆனால் வாசப்படி வைக்க மறந்துடாதீங்க!