ரப்பர் தோட்டத்தில் பொந்து இல்லை

நாஞ்சில் நாட்டு வீட்டு முற்றத்தில் கொய்யாவைக் கொறித்துவிட்டு ஓடும் மூன்று வரி அணிலைத் தெரியாதவர் இல்லை. கீரிப்பாறையைத் தாண்டி மலையேறுகிறவர்கள் நீள வாலைத் தொங்கவிட்டுக் கிளையில் படுத்திருக்கும் மலையணிலையும் பார்த்திருப்பார்கள். இரண்டும் பகலில் நடமாடுகிறவை. இந்த மலைத்தொடரில் இருட்டிய பிறகே பொந்தை விட்டு வெளியே வரும் அணில்களும் உண்டு. அவற்றில் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதுதான் திருவிதாங்கூர் பறக்கும் அணில்.

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1847-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பிறகு ஒரு கட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு இந்தியாவில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. அழிந்துபோயிருக்கும் என்றுகூட எண்ணினார்கள். 1989-ல்தான் ஜி. யு. குருப் என்ற விலங்கியலாளர், கேரளத்தில் இது மறுபடி கிடைத்த செய்தியை வெளியிட்டார். அடுத்துவந்த ஆண்டுகளில் குடகின் மாக்குட்டம் காட்டிலும் ஆனைமலையிலும் கண்டார்கள். ஓரடி நீள உடம்புள்ள விலங்கு அத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததா என்று கேட்கலாம். அட்டை கடிக்கும் மழைக்காட்டில், நடுராத்திரியில், எண்பதடி உயரத்துக் கிளையை அண்ணாந்து பார்க்க எத்தனை பேர் போவார்கள்?

பறக்கும் அணில் என்கிறோமே தவிர, இதற்குச் சிறகு இல்லை. முன்கால் மணிக்கட்டிலிருந்து பின்கால் வரை விலாவின் இரு பக்கமும் ரோமம் மூடிய தோல் மடிப்பு இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து வெளியே நீளும் ஒரு குருத்தெலும்பு அந்தத் தோலைப் பிடித்து நிறுத்துகிறது. உயரத்திலிருந்து குதித்து நாலு காலையும் பரப்பினால், காற்றில் விரித்துவிட்ட தோர்த்துபோல உடம்பு தட்டையாகிவிடும். வால்தான் சமநிலைக்கு. எதிர்மரத்தை நெருங்கும்போது உடம்பை நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, அடிமரத்தில் நகம் பதிய ஒட்டிக்கொள்ளும். சறுக்கும்போது உயரம் குறைந்துகொண்டே வரும். எனவே அடுத்த பயணத்துக்கு மறுபடி உச்சிக்கு ஏறியாக வேண்டும். உயரமான மரங்கள் அடுத்தடுத்து நிற்காத இடத்தில் இந்த வித்தை உதவாது.

இதன் பெரிய உறவான பெரிய பறக்கும் அணிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். இலை, தளிர், அத்திக்காய், மரப்பட்டை என்று தின்னும். கோதையாற்றின் மேல்பகுதியை அடுத்த காக்காச்சிக் காட்டில் ஆய்வாளர்கள் கணேஷும் பிரியா தாவிதாரும் வெடிப்பலா மரத்தின் பூக்களைக் கவனித்து, 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெடிப்பலாப் பூவுக்கு இதழ் கிடையாது. பழுப்பு நிறத்தில், சதைப்பற்றான புல்லிகளோடு கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பழம் அரிதாகும் பருவத்தில் சிங்கவால் குரங்கும் கருமந்தியும், பறக்கும் அணில் உட்பட அணில்களும் அந்தப் பூவைத் தின்றே வயிற்றை நிரப்புகின்றன. தின்னும்போது முகத்தில் ஒட்டும் மகரந்தம் அடுத்த மரத்துக்கும் போகிறது.

சாப்பாட்டைவிடப் பெரிய பாடு வீட்டுப் பாடு. பறக்கும் அணிலுக்குப் பகல் முழுக்கத் தூங்கவும் குட்டி போடவும் மரப்பொந்து வேண்டும். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன துளை, கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி உளுத்துப்போன குழி என்று பொந்து உருவாக மரத்துக்கு வயதாக வேண்டும். ரப்பர் அந்த வயதை எட்டுவதே இல்லை. ஏழாம் ஆண்டு வாக்கில் பால்வெட்டு தொடங்கும். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு பால் எடுத்ததும் வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைத்துவிடுவார்கள். குமரி மாவட்டத்தின் மலையடிவாரமெங்கும் ரப்பர்தான். வனநிலத்திலும் 1984 முதல் அரசு ரப்பர் கழகம் தோட்டங்களை நடத்துகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் பயிரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று கணக்கெழுதுவது சரியல்ல.

2008-ல் இங்கே சுமார் 402 சதுர கிலோமீட்டர் காடு, கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் முதுமரங்களுக்கு அதனால் காவல் உண்டு. சரணாலய எல்லையை ஒட்டிய தோட்டங்களிலும் விளைகளிலும் நிற்கும் பழைய அயனி மரத்துக்கும் மாமரத்துக்கும் உடைமைக்காரரின் மனசுதான் காவல்.

பறக்கும் அணிலைப் பார்க்க அதிக வாய்ப்புள்ளவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல; விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். காட்டோரத்து மரத்தின் மேலே விளக்கு படும்போது இரண்டு கண்கள் சிவந்து மின்னினால், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முடிந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். விளையில் பொந்து விழுந்த அயனி ஒன்று நின்றால், விறகுக்கென்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.