எண்ணாகும் மனநிலை: திறன்பேசி மனநிலைப் பதிவுச் செயலிகளின் பயன்பாடும் தமிழ்ச் சூழலும்

ஆய்வுச்சுருக்கம்

அன்றாட மனநிலையை எண்ணாகவோ முகக்குறியாகவோ குறித்துவைக்க உதவும் திறன்பேசிச் செயலிகள் மனநலப் பராமரிப்பின் ஒரு பகுதியாக வளர்ந்துவருகின்றன. இச்செயலிகளின் வரலாற்றுப் பின்புலம், மக்கள் அவற்றைப் பயன்படுத்தும் முறைகள், அவற்றின் பயனும் வரம்பும் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் வகைப்பாட்டோடு ஒப்பிட்டு, காரணத்தை நீக்கி உணர்வை மட்டும் அளக்கும் முறையின் குறையைச் சுட்டுகிறது. பதிவு என்பது சிகிச்சையன்று, உரையாடலுக்கான ஆவணமே என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: மனநிலைப் பதிவு, திறன்பேசிச் செயலி, மெய்ப்பாடு, டெலி மானஸ், தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்ததாகக் கணித்தது. குறைபாட்டின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். மருத்துவர் எட்டாத இடத்தில் கைப்பேசி எட்டுகிறது. இந்த இடைவெளியிலேதான் மனநிலைப் பதிவுச் செயலிகள் நுழைகின்றன. அவை இடைவெளியை நிரப்புகின்றனவா, நிரம்பியதாகத் தோன்றச் செய்கின்றனவா என்பது ஆராயத்தக்கது.

பதிவு முறையின் வரலாறு

மனநிலையை நாள்தோறும் குறிக்கும் வழக்கம் திறன்பேசிக்கு முந்தையது. செருமானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பெலின் நோயரின் எழுச்சியையும் சோர்வையும் காலவரிசைப்படி வரைபடமாக்கினார். பிற்காலத்தில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் இருமுனையப் பிறழ்வு நோயருக்கான 'வாழ்க்கை வரைபட' முறையாக இது விரிவுபெற்றது. 1970களில் சிகாகோவில் மிகாய் சிக்சென்ட்மிகாயி குழுவினர் அழைப்புக் கருவிகளை ஆய்வில் பங்கேற்போரிடம் கொடுத்து, ஒலி எழும்போதெல்லாம் அக்கணத்து உணர்வை எழுதச் செய்தனர். 1994இல் ஸ்டோன், ஷிஃப்மன் ஆகியோர் இத்தகைய முறைகளுக்குக் கணநேரச் சூழல் மதிப்பீடு என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

இம்முறையின் அடிப்படை எளியது. நினைவு நம்பத்தக்கதன்று. சென்ற இரு வாரங்களைப் பற்றிக் கேட்டால், மனிதர் மிகக் கடுமையான கணத்தையும் இறுதிக் கணத்தையும் கொண்டே முழுமையையும் மதிப்பிட முனைவர். மனச்சோர்வைக் கணிக்கப் பயன்படும் பி.எச்.கியூ-9 வினாப்பட்டியலும் இரு வார நினைவையே சார்ந்திருக்கிறது. அன்றன்று எழுதிய குறிப்பு இக்குறையைத் தணிக்கிறது. டேலியோ போன்ற செயலிகள் இதனை ஐந்து முகக்குறிகளுள் ஒன்றைத் தொடும் செயலாகச் சுருக்கின. 2023இல் ஆப்பிள் நிறுவனமும் தன் ஐபோன் இயங்குதளத்தில் மனநிலைப் பதிவைச் சேர்த்தது.

பயன்பாட்டு முறைகள்

மனநிலைப் பதிவுச் செயலிகளின் கூறுகளையும் பயனர் கருத்துரைகளையும் கால்டெய்ரா முதலியோர் 2017இல் ஆராய்ந்தனர். தம் மனநிலையின் ஒழுங்கை அறிதல், மனநிலையை மேம்படுத்துதல், முன்னரே கண்டறியப்பட்ட நோயைத் தாமே மேலாளுதல் ஆகிய நோக்கங்கள் அதில் வெளிப்பட்டன. இவற்றுள் மூன்றாவது தனித்த கவனத்திற்குரியது. இருமுனையப் பிறழ்வு உடையவர்க்கு உறக்கம் குறைவது எழுச்சிநிலையின் முன்னறிகுறியாகலாம். உறக்கநேரம், மருந்து, மனநிலை மூன்றையும் ஒரே பக்கத்தில் காண்பது அவருக்கும் மருத்துவருக்கும் பயன்படும்.

ஆயினும் பயன்பாடு நீடிப்பதில்லை. 93 மனநலச் செயலிகளைப் பற்றி 2019இல் வெளியான பாமெல் முதலியோரின் ஆய்வில், 15ஆம் நாள் வரை தொடர்ந்தவர்களின் இடைநிலை அளவு 3.9 விழுக்காடாகவும், 30ஆம் நாள் வரை தொடர்ந்தவர்களின் அளவு 3.3 விழுக்காடாகவும் இருந்தன. சோர்வு மிகும் நாளில்தான் பதிவு தேவைப்படுகிறது. அந்நாளில்தான் கைப்பேசியை எடுக்கவும் மனம் வருவதில்லை. எனவே வரைபடத்தில் விடுபட்ட நாள்கள் வெறும் விடுபாடுகள் அல்ல, அவையும் செய்தியே.

பயனும் வரம்பும்

டென்மார்க்கில் 78 இருமுனையப் பிறழ்வு நோயரிடம் நிகழ்ந்து, 2015இல் வெளியான மோனார்கா ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ஒரு பிரிவினர் ஆறு மாதம் நாள்தோறும் திறன்பேசியில் மனநிலையைப் பதிந்தனர். அப்பதிவுகளைக் கண்காணித்துத் தொடர்புகொள்ளச் செவிலியரும் இருந்தனர். மற்றொரு பிரிவினர் திறன்பேசியை இயல்பான தேவைகளுக்கே பயன்படுத்தினர். சோர்வு அறிகுறிகளிலும் எழுச்சி அறிகுறிகளிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பதிவு செய்தோரிடம் சோர்வு அறிகுறிகள் நீடிக்கும் போக்கும் சுட்டப்பட்டது.

ஒரே ஆய்வைக் கொண்டு பொதுமுடிவு காண்பது பொருந்தாது. எனினும் பதிவு செய்தலே குணப்படுத்தும் என்னும் எண்ணத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. சோர்வுற்ற மனத்துக்குத் தன்னையே மீளமீள நோக்கும் இயல்பு உண்டு. நாள்தோறும் 'இன்று எப்படி உள்ளீர்கள்?' என்று வினவும் கருவி, ஒருவருக்குத் தெளிவையும் மற்றொருவருக்கு அந்நோக்கின் பெருக்கத்தையும் தரக்கூடும்.

உணர்வும் நிலைக்களனும்

பெரும்பாலான செயலிகள் உணர்வை ஒரு கோட்டின் மீதோ இரு அச்சுகளின் மீதோ வைக்கின்றன. இனிமை–இன்னாமை, கிளர்ச்சி–தணிவு என்னும் இரு அச்சுகளைக் கொண்ட ஜேம்ஸ் ரஸ்ஸலின் 1980ஆம் ஆண்டு மாதிரி இதற்கு ஓர் அடிப்படையாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வேறொரு வழியில் செல்கிறது. எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் வகுத்து 32ஆக விரிக்கிறது. அழுகை இகழப்படுவதாலும், இழப்பாலும், முன்னைய நிலை தாழ்வதாலும், வறுமையாலும் பிறக்கும் என்கிறது. உணர்வு இங்குக் காரணத்தோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கான இலக்கணம், நோயறியும் கருவியன்று. ஆனால் அது எழுப்பும் வினா இன்றைக்கும் பொருந்தும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைப் பணி செய்யும் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து ஐந்துக்கு 'இரண்டு' என்று குறிக்கிறார் எனக் கொள்வோம். அந்த இரண்டு, வெப்பத்தில் உழைத்த அயர்வா, கடன் நெருக்கடியா, வீட்டில் நேர்ந்த இறப்பா என்பதை எண் உரைக்காது. அயர்வுக்கு ஓய்வும், கடனுக்குப் பொருளுதவியும், இழப்புக்கு ஆறுதலும் தேவை. ஓரெண் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மொழியும் இடையில் நிற்கிறது. தமிழ்ப் பேச்சுவழக்கில் மனத்துயர் பெரும்பாலும் உடலின்வழியே சொல்லப்படுகிறது: 'நெஞ்சு அடைக்கிறது', 'உடம்பு அசதியாக இருக்கிறது', 'ஒரு மாதிரி இருக்கிறது' என்பன சான்றுகள். அகத்து உணர்வு மெய்யில் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆங்கில உணர்ச்சிச் சொற்களின் பட்டியலை மொழிபெயர்த்து அளிக்கும் செயலியில் இத்தொடர்களுக்கு இடம் கிடைப்பதரிது.

தரவும் மந்தணமும்

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயரின் மந்தணத்தை உரிமையாக்குகிறது. அது சிகிச்சை வழங்குவோரைக் கட்டுப்படுத்துகிறது. ஒருவர் தாமே செயலியில் இடும் குறிப்பு அந்த உறவுக்கு வெளியே நிற்கிறது. 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. எனினும் உடல்நல, மனநலத் தரவைத் தனி வகையாகப் பிரித்துக் காப்பதில்லை. இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனரின் நலத்தரவை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்நிறுவனம் 78 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. ஒரே கைப்பேசியைக் குடும்பத்தினர் பலர் பயன்படுத்தும் வீட்டில் மந்தணச் சிக்கல் நிறுவனத்திடம் அன்றி வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது.

உள்ளூர்ச் சூழலில் பொருத்துதல்

கடலூர் மாவட்டத்தின் மேற்கே, விருத்தாசலத்துக்கு அப்பால் உள்ள மங்களூர் ஒன்றியம் போன்ற ஊரகப் பகுதிகளில் செயலி தனித்து இயங்க இயலாது. அது எவரிடம் கொண்டுசேர்க்கிறது என்பதே முதன்மையானது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் நாள் முழுதும் தமிழிலும் கிடைக்கிறது. 2024 அக்டோபர் 10இல் அதற்கெனச் செயலியும் வெளியிடப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் அரசு மருத்துவமனைகளின்வழி இயங்குகிறது. இவற்றோடு இணைந்த பதிவுமுறையில் மூன்று கூறுகள் வேண்டும். எண்ணோடு காரணத்தையும் பயனர் தம் சொல்லிலோ குரலிலோ பதிய வழி இருத்தல் வேண்டும். தாழ்ந்த நிலை தொடர்ந்தால் 14416ஐ முன்வைத்தல் வேண்டும். பதிவை எவருக்குக் காட்டுவது என்பதைப் பயனரே முடிவுசெய்தல் வேண்டும்.

முடிவுரை

மனநிலைப் பதிவுச் செயலிகள் நினைவின் குறையைத் தணிக்கின்றன. நோயர் தம் நிலையை ஒழுங்குபட எடுத்துரைக்க உதவுகின்றன. அவை தாமே நோயைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பெரும்பாலோர் ஒரு திங்களுக்குள் அவற்றைக் கைவிடுகின்றனர். காரணமும் மொழியும் நீங்கிய எண், மருத்துவருக்கும் சிறிதளவே பயன்படும். சோர்வைச் சொல்லத் தமிழர் வழங்கும் தொடர்களை வட்டாரந்தோறும் தொகுத்து, அவற்றைக் கொண்டு பதிவுக் கருவிகளை அமைப்பது தமிழியலும் மனநலத் துறையும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். அப்பணி நிறைவுறும் வரை, செயலியின் வரைபடத்தைப் பேச்சின் தொடக்கமாகக் கொள்ளலாமேயன்றிப் பேச்சுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.