புள்ளடி போட்ட பக்கம்

சுவர் என்றால் எமக்குக் கல். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறைமீது கிடப்பது. நிலத்தைத் தோண்டினாற் கல். கல்லைச் சுட்டாற் சுண்ணாம்பு. இரண்டுஞ் சேர்ந்தாற் சுவர். பலகை அடைத்த கட்டடத்தைக் கடை என்பதன்றி வீடு என்று கூறி அறியாதவன் யான். ஆதலின், 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ரொறன்ரோவிலுள்ள என் தமக்கையார் வீட்டுக்குச் சென்று, அவர் மகன் வீட்டின் பின்புறத்தே மரச்சட்டங்களை அடுக்கி வைத்திருத்தலைக் கண்டபோது, “தம்பி, கோழிக்கூடோ?” என்று கேட்டுவிட்டேன்.

கோழிக்கூடன்று. முழங்கால் நோவினாலே மாடிப்படி ஏறமாட்டாதவராகிய தமக்கையார்க்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை.

மருமகனைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். அவன் சிறுவனாயிருந்தபோது என் வகுப்பிற் படித்தவன். புணர்ச்சி விதிகள் அவனுக்கு ஏறவில்லை. ஒருநாள் அவனுடைய கொப்பியைச் சிவப்பு மையாற் கிழித்தெறிந்தாற்போலத் திருத்தி, “நீ உளி பிடிக்கத்தான் ஏற்றவன்” என்று பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். இன்று அவன் வீடுகளுக்குச் சட்டம் பூட்டுந் தொழிலாளன். அச்சொல்லை அவன் மறந்தானோ இல்லையோ, யான் மறந்திலேன்.

இந்தச் சுவர் நின்றபடி எழுவதில்லை. படுத்தபடி உருவாகி, முடிந்த பின்னரே எழுந்து நிற்கின்றது. தளத்தின்மேல் இரண்டு நீண்ட சட்டங்கள்: ஒன்று சுவரின் அடி, மற்றது முடி. இடையே நெடுகக் கால்கள். காலுக்கும் காலுக்கும் நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலம். கனடா மீற்றர் அளவையை ஏற்றுப் பல்லாண்டுகளாகியும் தச்சுவேலையில் அடியும் அங்குலமுமே ஆட்சி செய்கின்றன. ‘இரண்டுக்கு ஆறு’ எனப்படும் சட்டத்தை அளந்து பார்த்தேன். ஒன்றரைக்கு ஐந்தரையே இருந்தது. உலர்ந்தும் சீவப்பட்டும் மரம் சுருங்கிற்று. பெயர் மாத்திரம் பழைய பருமனிலேயே நிற்கின்றது. சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு நல்லதோர் உதாரணம்.

“இதற்குத் தமிழிலை என்ன பேர், மாமா?” என்று ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். (அவன் பேசியவாறே எழுதுகின்றேன், பண்டித நண்பர்கள் பொறுத்தருள்க.) “நாங்கள் ஸ்ரட் எண்டு தான் சொல்லுறது.” யானைக்குப் பெயர் பல தரும் நிகண்டுகள் ஒன்றரை அங்குல மரத்துக்கு ஒன்றேனும் தரவில்லை. எங்கள் வீட்டுக் கூரையிட்ட ஓடாவியார் இருந்திருப்பின் உடனே சொல்லியிருப்பார். தீராந்தி, வளை, சிலாகை என்று அவர் வாயில் வந்தவற்றுள் தீராந்தி போர்த்துக்கேயர் வழி வந்ததென்று கண்டுபிடித்து மகிழ்ந்த யான், ஏனையவற்றை அவரிடங் கேட்டுக் குறித்து வைத்தேனில்லை. ஈற்றில், “பந்தற்கால் என்கின்றோமே, கால் என்றே சொல்” என்றேன். “ஓம், பந்தல் மாதிரித்தான்” என்று சிரித்தான்.

அவன் சிரிப்பில் வரலாறும் உண்டு. ஐரோப்பியர் முற்காலத்திற் பெருந்தூண்களை நாட்டி, துளையில் நாக்கு நுழைத்து மரமுளை அறைந்து வீடு கட்டினர். அதற்குத் தேர்ந்த தச்சர் வேண்டும். சிக்காக்கோ நகர் 1830களிற் பெருகத் தொடங்கிய காலத்தில், ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களும் எந்திரத்திற் செய்த ஆணிகளும் மலிவாயின. ஒரு பெருந்தூண் தாங்கிய பாரத்தைப் பல சிறு கால்கள் பகிர்ந்துகொண்டன. முதலில் இக்கால்கள் இரண்டு மாடி உயரத்துக்கும் ஒரே மரமாக நின்றன. கால்களின் இடைவெளி புகைபோக்கிபோலாகித் தீயை மேலேற்றியதாலும், அத்துணை நெடிய மரம் அரிதானதாலும், பின்னாளில் மாடிக்கு மாடி தளமிட்டு அதன்மேற் புதுச்சுவர் நிறுத்தும் முறை பரவியது.

யன்னலுள்ள முதற்சுவரை அவனே செய்தான். யன்னல் வருமிடத்திற் கால்கள் அறுபடுகின்றன. அவை சுமக்கவேண்டிய பாரத்தை மேலே ஓர் உத்தரம் ஏற்று, இரு புறத்துங் குறுங்கால்கள்மேல் இறக்குகின்றது. ஒவ்வொரு காலையும் கண்ணருகே பிடித்து வளைவைப் பார்த்து, வளைவெல்லாம் ஒரே பக்கமாக வைத்தான். பின்னர் எதிர்மூலைகளை அளந்தான். இரண்டளவும் ஒத்தபின்னரே, மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகையைச் சட்டத்தின்மேற் பரப்பி ஆணியறைந்தான். பலகை அறையாத சட்டம் ஒரு தள்ளிற் சரிந்துவிடும். அதனைச் சரியாது காப்பது பலகையே.

இரண்டாஞ் சுவர் 12 அடி நீளம், யன்னலில்லாதது. அதற்கு அடையாளமிடும் பணியை என்னிடந் தந்தான். அடிச்சட்டத்தையும் முடிச்சட்டத்தையும் ஒட்டி வைத்து, இரண்டுக்குமாக ஒருங்கே கோடிடல் வேண்டும். “கோடு காலின்ரை ஓரம், மாமா. புள்ளடி போட்ட பக்கந்தான் கால் நிக்கும்.” முதற்கோடு பதினைந்தே கால் அங்குலத்தில். அப்பாற் புள்ளடி. ஒன்றரை அங்குலக் காலின் நடு அப்போது சரியாகப் பதினாறில் விழும்.

பாதி வரை நன்றாகவே செய்தேன். வெயில் கண்ணிற் பட்டமையால் மறுபுறஞ் சென்று குனிந்தேன். அங்கே இடம் வலமாயிற்று. நான்கு புள்ளடிகளைக் கோட்டின் இப்பாலே போட்டுவிட்டேன். அவன் என்னை நம்பிக் கால்களை அறைந்தான். முதற்பலகை பொருந்திற்று. நாலடி அகலமுள்ள இரண்டாம் பலகையின் ஓரம் 96ஆம் அங்குலத்திலே கால்மீது அமரவேண்டியது. கால் முக்கால் அங்குலம் முன்னரே முடிந்திருந்தது. ஆணியறைய அங்கே மரமில்லை, வெளிதான். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாது விட்டவனை யான் எப்படியெல்லாம் ஏசியிருக்கின்றேன்!

அவன் நாடாவை நீட்டி என் கோடுகளை ஒவ்வொன்றாக அளந்தான். யான் சிவப்பு மைக்குக் காத்திருந்தேன்.

“அளவெல்லாஞ் சரி மாமா. புள்ளடிதான் மற்றப் பக்கம்” என்றான். நான்கு கால்களையுங் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, ஒன்றரை அங்குலந் தள்ளி மீண்டும் அறைந்தான். அரை மணி நேரம் வீணாயிற்று.

மாலையில் அயலவர் இருவரும் யாங்களுமாக நால்வர் அச்சுவரை எழுப்பினோம். அவன் மட்டம் பிடிக்க, யான் சாய்வுமரத்தைப் பற்றி நின்றேன். இரண்டு சுவர்களும் மூலையிற் கூடியதும், முடியின்மேல் இன்னொரு சட்டத்தை ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு ஏறுமாறு தழுவவிட்டு அறைந்தான். எஞ்சியவற்றை வாயாற் சொன்னான்: கால்களின் இடையே குளிர் தடுக்கும் பஞ்சு, அதன் உட்புறத்தே ஈரம் புகாத மெல்லிய பொலித்தீன். மாரியிற் சமையலின் ஆவியும் மூச்சின் ஈரமும் சுவருக்குள் நுழைந்து, குளிர்ந்த வெளிப்பலகையிற் பட்டு நீராகுமாம். தடுக்காவிடின் மரம் உள்ளேயே உளுத்துப்போம்.

தமக்கையார் தேநீருடன் வாசலுக்கு வந்து, மேல்மூச்சு வாங்கியபடி, தம் கட்டில் எவ்விடத்தில் வருமென்று கேட்டார். கட்டிலின் தலைமாடு என் சுவரின் பக்கமாம்.

மருமகன் நாளைக்குரிய சட்டங்கள் இரண்டைத் தளத்தில் ஒட்டி வைத்தான். காதிற் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினான்.