சந்தனமா, எலுமிச்சையா? பூஜை அறைக்கு ஏற்ற மஞ்சள்

மங்கலத்தின் நிறம் மஞ்சள் என்பதால் பூஜை அறைக்கும் கூடத்திற்கும் அவ்வண்ணத்தையே நாடும் இல்லங்கள் பல. பெயிண்ட் கடையின் நிற அட்டையில் சந்தன மஞ்சளும் வெளிர் எலுமிச்சை மஞ்சளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். சுவரில் பூசிய பின்னரே வேற்றுமை புலப்படும்.

சந்தன மஞ்சளில் சிவப்பின் சாயல் உண்டு. எலுமிச்சை மஞ்சளில் பச்சையின் சாயல் உண்டு. வடக்கு ஜன்னலின் வழியே பெரும்பாலும் நேர் வெயில் விழாது. சற்றே நீலம் கலந்த வான்வெளிச்சமே வரும். அதில் எலுமிச்சை மஞ்சள் பசுமை தட்டி வெளிறும். சந்தனம் இதமாக விளங்கும். மேற்கு வெயில் புகும் கூடத்திலோ சந்தனம் மாலையில் ஆரஞ்சாகக் கனத்துவிடும். அங்கே எலுமிச்சையே கண்ணுக்குக் குளிர்ச்சி.

பூஜை அறைக்குப் பெரும்பாலும் ஜன்னல் இராது. விளக்கொளியே அதன் ஒளி. நெய் விளக்கின் சுடர் செம்மை மிக்கது. அவ்வொளியில் சந்தன மஞ்சள், சுவாமி படங்களின் பொன்னிறச் சட்டங்களோடும் பித்தளைக் குத்துவிளக்கோடும் இயைந்து நிற்கும்.

இதற்கு மரபின் துணையும் உண்டு. ஆரத்தியில் மஞ்சள்நீருடன் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவந்துவிடுவதை அனைவரும் அறிவர். ஆகவே மஞ்சள்பொடி சுண்ணாம்புச் சுவருக்கு உதவாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் நிறத்திற்காகக் கலக்கப்பட்டது மஞ்சள் காவி. இரும்புத்தாது கலந்த அம்மண் சுண்ணாம்பாலும் வெயிலாலும் நிறம் மாறாது. இன்றைய சந்தன மஞ்சள் அதன் சாயலே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய பளபளப்பு மஞ்சள் எனாமல் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் விதிகள், வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கலாகாது என வரையறுத்துள்ளன. பழைய கதவுகளை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. நனைத்துத் தேய்ப்பதும், அவ்வேளையில் குழந்தைகளை அப்புறப்படுத்துவதும் அவசியம்.

நான்கு சுவர்களிலும் பூசும்போது எந்த மஞ்சளும் அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகவே தெரியும். எனவே விரும்பியதைவிட ஒரு படி வெளிறியதைத் தேர்வது நலம். இரண்டையும் சிறு டப்பாக்களில் வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரமாக இருமுறை பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றிய பின்னும் வீட்டார் அனைவரும் பார்த்து முடிவு செய்யலாம். இரு நாள் பொறுமை, மீண்டும் பெயிண்ட் அடிக்கும் செலவை மிச்சப்படுத்தும்.